பயத்தோடும் நடக்கலாம்



வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். வைத்தியசாலையில் நாள்தோறும் நான் காணும் இரண்டைப் பற்றியே பேசுகிறேன். ஒன்று பயம், மற்றது அதிகாரம்.

என் வயதொத்தவர்கள் பயத்தைச் சிறு வயதிலேயே அறிந்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மழையில் நடந்தோம். அந்தப் பயத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. எந்தப் பக்கம் போவது என்றாவது தெரிந்தது.

இன்று கிளினிக்கில் நான் காணும் பயத்துக்குச் சத்தமே இல்லை. மார்பில் கட்டி இருப்பதை மாதக்கணக்காக மறைத்துவிட்டு வரும் தாய்மார் உண்டு. அவர்கள் நோவுக்குப் பயந்தவர்கள் அல்லர். மகளின் கலியாணம் குழம்புமோ, வீட்டுக்குச் செலவு வருமோ, டொக்டர் ஏசுவாரோ என்று பயந்தவர்கள். நோய் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

டொக்டர் ஏசுவாரோ என்ற பயத்தை உண்டாக்குவது எங்கள் அதிகாரம். அதைக் குறைக்கக்கூடியதும் அதுவே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, “வேறென்ன அம்மா?” என்று இரண்டாம் தரமும் கேட்டால், முதல் தரம் சொல்லாததைச் சொல்வார்கள். உங்களில் அதிபர்கள், அதிகாரிகள், சட்டத்தரணிகள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு முன்னாலும் இப்படி ஒருவர் நிற்பார்.

விடாமுயற்சிக்கு வைத்தியர் மேரி இரட்ணத்தை நினைக்கிறேன். கனடாவில் பிறந்து, மிஷன் வைத்தியராக 1896இல் இலங்கைக்கு வந்தவர். தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். டொனமூர் ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பெண்கள் விடாது கேட்டார்கள். 1931இல் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். சட்ட நுணுக்கமொன்றால் அந்தப் பதவியை இழந்தார். ஆனால் கிராமத்துப் பெண்களுக்காக அவர் தொடக்கிவைத்த மகிளா சமிதி வேலையை விடவில்லை. 1958இல் மக்சேசே விருது கிடைத்தபோது எண்பதைக் கடந்திருந்தார். பதவி போனாலும் வேலை மிஞ்சும் என்பதற்கு அவரே சாட்சி.

அக்காமாரே, தங்கைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன. 35, 45 வயதுப் பெண்களை அங்கே முக்கியமாக அழைக்கிறோம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறிகுறியை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், மார்பகத்தையும் பரிசோதிப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அங்கங்கே இத்தகைய வசதி உண்டு. நீங்கள் போங்கள். தனியே போகப் பயப்படும் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாணவிகளே, பயம் போன பிறகு நடக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாசலால் நூறு வருடமாக வெளியே போனவர்களில் பயமில்லாமல் போனவர்கள் மிகச் சிலரே. பயத்தோடும் நடக்கலாம். கூட ஒருத்தி வந்தால் இன்னும் தூரம் நடக்கலாம்.