போட்டிக்கு எழுதப் போகும் தோழர்களுக்கு

(கதை, கட்டுரைப் போட்டிகளில் கலந்துகொள்ள விரும்பும் இளைஞர்களும் தொழிலாளிகளும் கூடிய சாத்தூர்க் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்.)



எழுத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சாத்தூர் மிகப் பொருத்தமான ஊர். ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பட்டறைகளில் அடித்த பேனா நிப்புகள் எத்தனையோ ஊர்களுக்குப் போயின. பால்பாயிண்ட் பேனா வந்தது; அந்தத் தொழில் நசிந்தது. நிப்பு அடித்த கைகள் மற்றவர்கள் எழுதுவதற்காகவே உழைத்தன. இன்று அந்த வீடுகளிலிருந்தும், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் வாசல்களிலிருந்தும், நாங்களும் எழுதப் போகிறோம் என்று வந்திருக்கிறீர்கள். சந்தோஷமான விஷயம்.

நான் பண்டிதன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டுக் கட்சி வேலைக்கு வந்தவன். துண்டுப் பிரசுரம் எழுதுவதும், தோழர்கள் எழுதிக் கொண்டுவருவதை வாசித்துத் திருத்துவதும் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்கிறேன்.

போட்டி நமக்குத் தேவையா?

"பத்திரிகை விற்பதற்காக முதலாளிகள் நடத்தும் வித்தைதானே இந்தப் போட்டி? இதில் நமக்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பத்திரிகை விற்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் சந்தைக்காரன் லாபத்துக்குக் கடை விரிக்கிறான் என்பதற்காக நாம் காய்கறி வாங்காமல் இருப்பதில்லை. நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று லாபங்கள் இருக்கின்றன. முதலாவது, கடைசித் தேதி. காலையில் ஆபீஸ் வண்டியைப் பிடித்து, மாலையில் திரும்பி, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளைப் படுக்க வைக்கும் ஒரு பெண்ணுக்கு "நேரம் கிடைக்கும்போது" என்று ஒரு நேரம் ஒருநாளும் வராது. "30-ந் தேதிக்குள் அனுப்ப வேண்டும்" என்று ஒரு கட்டாயம் வந்தால் நேரம் பிறக்கும். இரண்டாவது, அளவு. இத்தனை பக்கத்துக்குள் சொல்லி முடி என்று ஒருவர் கட்டளை போடும்போது, எது அவசியம், எது அலங்காரம் என்று நம் மூளை தேட ஆரம்பிக்கிறது. மூன்றாவது, முன்பின் தெரியாத வாசகர். நம் மாமன் மச்சான் கதையைப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்பார்கள். நடுவருக்கு நம் முகமும் தெரியாது, நம் கஷ்டமும் தெரியாது. காகிதத்தில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

ராஜம் கிருஷ்ணனின் உதாரணத்தைப் பாருங்கள். முசிறியில் 1925-ல் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பதினைந்து வயதில் கல்யாணம் ஆனவர். 1950-ல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகை நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் அவர் கதை பரிசு பெற்றது. 1953-ல் அவருடைய 'பெண்குரல்' நாவல் 'கலைமகள்' பரிசைப் பெற்றது. அவருக்கு வெளி உலகின் கதவைத் தட்டக் கிடைத்த கைகளில் ஒன்று போட்டி. பிற்பாடு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் முக்கியம்.

பிணத்தின் மேல் பரிசு வேண்டாம்

இனி எதை எழுதுவது என்ற பிரச்னை. "உழைப்பாளர் வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும். நம் பகுதியிலிருந்து கதைக்குக் கதை வெடி விபத்துதான் வருகிறது. முதல் பக்கத்தில் கல்யாணக் கனவு. கடைசிப் பக்கத்தில் ஓர் ஓசை, கரும்புகை, தாயின் கதறல். முற்றும்.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12-ல் நம் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களிலும் சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். அவர்கள் முன்னால் வைத்து வாசிக்க முடியாத கதையை நடுவருக்கு அனுப்பாதீர்கள். அழ வைப்பதற்காகவே பிணத்தைக் கொண்டுவந்து கிடத்துகிறவன் எழுத்தாளன் அல்ல.

அப்படியானால் விபத்தைப் பற்றி எழுதக் கூடாதா? நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? ஆனால் ஓசைக்கு முந்திய காலையை எழுதுங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? ஏன் மரத்தடியிலும் ஆள் இருந்தது? வெயில் ஏறிய பிறகு மருந்து கலக்கச் சொன்னது யார்? பீஸ் ரேட்டுக்கு ஓடும் கை ஏன் நிதானிக்க முடியவில்லை? தீபாவளி ஆர்டரை முடிக்க எத்தனை நாள் பாக்கி? உராய்வும் சூடும் மருந்துக்கு ஆகாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நடந்தது? இதைச் சொல்கிற கதையில் வெடியின் ஓசை வராவிட்டாலும் வாசகன் நடுங்குவான்.

விபத்து நடக்காத நாட்களும் வாழ்க்கைதான். பேரியம் உப்புக்குச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தடை போட்டதற்குப் பிறகு, வேலை நாள் குறைந்த ஒரு வீட்டில் சீட்டுப் பணம் எப்படிக் கட்டப்பட்டது? திரி வெட்டும் அம்மாவின் விரலைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்ன சொல்லிற்று? தீக்குச்சி அடுக்கிய கை, யந்திரம் வந்த பிறகு என்ன செய்கிறது? எவரும் எழுதாத ஆயிரம் கதைகள் உங்கள் தெருவில் கிடக்கின்றன. வெளியூர்க்காரர் வந்து பத்து நாள் தங்கினாலும் அவருக்குக் கிடைக்காதவை அவை.

உங்கள் வாய்ப்பேச்சே உங்கள் முதல்

பேனாவை எடுத்தவுடன் பலர் பேச்சை மாற்றிக் கொள்கிறார்கள். "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்" என்று தொடங்குகிறார்கள். நம் கரிசக்காட்டில் சூரியன் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லுங்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்த மண்ணின் பேச்சைத் தொகுத்துக் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே 1982-ல் கொண்டுவந்தார். நம் விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, சிறு கடை நடத்திப் பிழைத்த மேலாண்மை பொன்னுச்சாமி இந்தப் பேச்சில் எழுதித்தான் 2007-ல் 'மின்சாரப் பூ' தொகுப்புக்காகச் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். படிப்புக் குறைவு என்று கூச்சப்பட வேண்டாம். படிக்காமல் இருக்கவும் வேண்டாம். பொன்னுச்சாமி பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, வாசிப்பை விடவில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு வியாதி உண்டு. கதை நன்றாகப் போய்க் கொண்டிருக்கும், திடீரென்று ஒரு தோழர் வருவார், ஒன்றரைப் பக்கம் பிரசங்கம் செய்வார், எல்லாரும் தெளிவு பெறுவார்கள், செங்கொடி பறக்கும். தோழர்களே, பிரசங்கம் செய்ய மேடை இருக்கிறது, நானே செய்கிறேன். கதையில் மனிதன் நடக்கட்டும். கூலியைக் குறைத்த அன்று அவன் என்ன செய்தான், யாரிடம் பேசாமல் போனான், எந்தக் காசை எடுத்து எதற்குக் கொடுத்தான் என்று காட்டினால், நியாயம் எந்தப் பக்கம் என்பது வாசகனுக்குத் தானே விளங்கும். முதலாளியைக் கொம்பும் கோரைப்பல்லுமாகக் காட்டாதீர்கள். சிரித்த முகத்தோடு, பெயர் சொல்லி விசாரித்து, கோயில் கொடைக்கு நன்கொடையும் கொடுத்துக் கூலியைப் பிடிக்கிறவர்தான் நமக்குத் தெரிந்த ஆள்.

நிபந்தனைகளை வாசியுங்கள்

கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிபந்தனையை மீறினால் நடுவர் கைக்கே போகாது. அளவு தாண்டக் கூடாது. ருஷ்ய எழுத்தாளர் செகாவ் வாலிபத்தில் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதினார். அங்கே சுமார் நூறு வரிதான் இடம். அந்த நெருக்கடியில் வெட்டப் பழகியவர்தான் பிற்பாடு உலகச் சிறுகதைக்கு ஆசான் ஆனார்.

பெயரைத் தனித் தாளில் எழுதச் சொன்னால், கதைத் தாளில் எங்கும் எழுதாதீர்கள். வெளிவராத கதை கேட்டால், செல்போனில் நாலு குழுவுக்கு அனுப்பிய கதையை அனுப்பாதீர்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு போட்டிக்கு அனுப்ப வேண்டாம். கட்டாயம் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். கடைசி நாள் வரை காத்திராதீர்கள். தபாலும் தாமதிக்கும், கரண்டும் போகும். நுழைவுக் கட்டணம் என்று பணம் கேட்டால், நடத்துகிறவர் யார், முன்னே நடத்திய போட்டியின் பரிசை உண்மையில் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். இப்போது கேட்டவுடன் கதை எழுதித் தரும் யந்திரமும் வந்துவிட்டது. அதனிடம் வாங்கி அனுப்புகிறவர் நடுவரை ஏமாற்றுவது இருக்கட்டும். தன் தெருவின் கதையைத் தானே தொலைத்துவிடுகிறார்.

உரிமை யாருக்கு என்ற வரியை இரண்டு தடவை வாசியுங்கள். ஒரு முறை பிரசுரிக்கும் உரிமை கேட்பது நியாயம். "அனுப்பிய எல்லாக் கதைகளும் எங்களுக்கே சொந்தம்" என்றால் யோசியுங்கள். கொலம்பியாவின் கார்ஸியா மார்க்கேஸ் ஒரு நாவலுக்கு 1961-ல் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனியின் பரிசைப் பெற்றார். 1962-ல் மாட்ரிட்டில் அச்சான அந்தப் புத்தகத்தில், பேச்சு மொழியையெல்லாம் யாரோ "திருத்தி" வைத்திருந்தார்கள். இது என் புத்தகமே அல்ல என்று அவர் அந்தப் பதிப்பை நிராகரிக்க வேண்டி வந்தது. பரிசு வாங்கினாலும் வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பெயர் வெளியே தெரிந்தால்?

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க ஆபீஸ்ல நடக்கிறத எழுதினா, மறுநாள் கேட்டுக்குள்ள விடுவாங்களா?" நியாயமான பயம். வீட்டில் உலை எரிவது அந்தக் கூலியால். தைரியமாக எழுது என்று மேடையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். வேலை போவது அவருக்கு.

ஆகவே புனைபெயர் வைத்துக் கொள்ளுங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார். போட்டிக்காரரிடம் உண்மைப் பெயரைக் கொடுத்து, புனைபெயரிலேயே வெளியிட வேண்டும் என்று முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு அனுப்புங்கள். ஊர், ஆள், ஆபீஸ் அடையாளங்களை மாற்றுங்கள்; நடந்த நடப்பின் சாரத்தை மாற்றாதீர்கள். இன்னொன்று: உங்கள் பயம் உங்களுக்கு எவ்வளவு பெரியதோ, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள் மானம் அவ்வளவு பெரியது. அவள் நம்பிச் சொன்ன ரகசியத்தை, கேட்காமல் கதையாக்கிப் பரிசு வாங்காதீர்கள்.

முடிவு வந்த பிறகு

பரிசு வராவிட்டால், ஓரிரு நடுவர்களின் அபிப்பிராயம் உங்களுக்கு எதிராகப் போனது என்று மட்டும் அர்த்தம். கதையை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு ஆபீஸில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் வேறு பேச்சு பேச ஆரம்பிக்கிறார்களோ, அந்த இடத்தில் கதை செத்திருக்கிறது. அதைச் சரிசெய்து பத்திரிகைக்கு அனுப்புங்கள். 1970-ல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்தே மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. போட்டிக்கென்று எழுதாத கதைக்கும் கண் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு.

பரிசு வந்தால் சந்தோஷப்படுங்கள்; கடனை அடையுங்கள்; இரண்டு புத்தகம் வாங்குங்கள். அதே கதையை ஊர்ப் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப எழுதும் வியாதிக்கு மட்டும் ஆளாகாதீர்கள்.

ராஜம் கிருஷ்ணன் பரிசோடு நிற்கவில்லை. உப்பளத் தொழிலாளர்களைத் தேடித் தூத்துக்குடிக்குப் போய்க் 'கரிப்பு மணிகள்' எழுதினார். நம் பகுதிக்கு வந்து, தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வதங்கிய குழந்தைகளைப் பார்த்துக் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். 2009-ல், உயிரோடு இருக்கும்போதே, அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. தங்கள் சொந்த அனுபவத்துக்கு அப்பால் போய்ப் பார்த்து எழுதியவர்கள் இப்படி நிற்கிறார்கள்.

அந்தக் குழந்தைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களில் சிலர் இங்கேயே இருக்கக்கூடும். அன்று வெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்து எழுதினார். அடுத்த புத்தகத்தை உள்ளே இருந்தவர்கள் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் கூடுவோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். கதையாக இருக்க வேண்டும் என்றில்லை. நேற்றைய நாளில் நடந்ததை எழுதினால் போதும். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்போம். கேட்டதைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். போட்டியின் கடைசித் தேதி தானாக வந்து சேரும். அதற்கு முன் கையில் ஒரு பக்கம் இருக்கட்டும்.