தோள்மீது ஏற்றும் பாரம்

மட்டக்களப்பு நாட்டாருக்குக் கட்சி கட்டி நிற்பது புதிதன்று. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்து இங்கே வழங்கிவந்த கொம்புமுறி விளையாட்டை நேயர்கள் பலர் அறிவார்கள். ஊர் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். கொக்கிபோல் வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இரு சாராரும் வலித்து இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் பாடுவார்கள், தோற்றவரை எள்ளி நகையாடுவார்கள். உறவினரும் அயலவரும் அந்நாள்களில் எதிர் எதிராக நிற்பதுண்டு. விளையாட்டு முடிந்தபின் எல்லாரும் ஒரே அம்மனின் பிள்ளைகளே.

இன்று வாவிக்கரையில் அந்தச் சேரிகளின் இடத்தைக் கல்லூரிகளும் விளையாட்டுக் கழகங்களும் பெற்றிருக்கின்றன. 1814ஆம் ஆண்டிலே தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தோன்றிய புனித மைக்கேல் கல்லூரி, கல்லடியிலே சுவாமி விபுலாநந்தர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் ஆகியன யாவும் தத்தமக்கென்று ஓர் ஆதரவாளர் கூட்டத்தை உடையன. அக்கூட்டத்திலே இன்று படிக்கும் மாணவரை விடப் பழைய மாணவரே உரத்துப் பேசுவர். கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவருக்கும் தம் அணியின் செய்தி அன்றன்றே எட்டிவிடுகிறது.

அணிக்கு ஒரு புதிய வீரன் வருகிறான் என்ற செய்தி பரவும்போது இக்கூட்டத்தார் நடந்துகொள்ளும் முறை ஆராய்தற்குரியது. வந்தவனின் ஆட்டத்தை ஒருவரும் இன்னும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆயினும் தேநீர்க் கடையிலே அவன் அடிக்கப்போகும் ஓட்டங்கள் எண்ணப்பட்டுவிடும். ஒருவர் அவனைப் பழைய வீரர் ஒருவரோடு ஒப்பிடுவார்; மற்றொருவர் அவனால் இவ்வாண்டு வெற்றிக்கிண்ணம் உறுதி என்பார். மூன்றாமவர், அவன் வரவால் அணியில் இடம் இழக்கப்போகும் பையனின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். இத்தனையும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனைப் பற்றிய பேச்சு. அவன் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவன் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

இம்மண்ணில் விளையாட்டுப் பற்று இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் கடல்கடந்து வந்த சிலரும் காரணராவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பணிபுரிய வந்தனர். அவர்களுள் வண. பிதா ஹரல்ட் வெபர் புனித மைக்கேல் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர். மட்டக்களப்பு விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1948இல் இலங்கைக்கு வந்த வண. பிதா யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் இளைஞருக்குக் கூடைப்பந்து பயிற்றியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் வந்து சேரவேயில்லை. இக்குருமார் பெயர்பெற்ற வீரர்களைத் தேடி அலைந்தவர் அல்லர். கையிலே கிடைத்த பிள்ளைகளைக் கொண்டே அணிகளை ஆக்கினார்கள்.

அவர்கள் பிறந்து வளர்ந்த நாட்டிலோ நிலைமை வேறு. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே பல்கலைக்கழக உதைபந்தாட்டம் ஏறக்குறையத் திருவிழாப் போன்றது. உதைபந்தாட்டம் என்ற பெயர் இருப்பினும், அது பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணியைச் சேரும். அங்கே ‘ரன்னிங் பேக்’ எனப்படும் வீரர், பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் மனிதச் சுவரைப் பிளந்து ஓடுபவர். அடிபடுவதும் அவரே, ஆரவாரம் பெறுவதும் அவரே. ஆதலால் நல்ல ரன்னிங் பேக் ஒருவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வார் என்பது உயர்பாடசாலைக் காலத்திலேயே ஊர்வழக்காகிவிடும். அத்தகைய ஓர் இளைஞரின் வரலாறு நமக்கும் பாடமாக அமையத்தக்கது.

மார்க்கஸ் டுப்ரீ என்பவர் 1964ஆம் ஆண்டு மே மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்துப் பிலடெல்பியா என்னும் சிற்றூரிலே கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். அடுத்த மாதமே, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர் அவ்வூருக்கு அண்மையிலே கொலை செய்யப்பட்டனர். அவ்வூர்ப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கியது 1970இல். அவ்வாண்டுதான் டுப்ரீ முதலாம் வகுப்பிற் சேர்ந்தார். வளர்ந்து பந்தேந்தி ஓடத் தொடங்கியபோது, பிளவுண்டு கிடந்த அந்த ஊர் ஒரே திடலில் கூடி அவருக்காகக் கைதட்டியது. உயர்பாடசாலை ஆட்டங்களில் அவர் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெற்றது 87 தடவை. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் அவரைத் தேடி வந்தனர். அந்தப் பரபரப்பை வில்லி மொரிஸ் என்னும் எழுத்தாளர் 1983இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

1982இல் டுப்ரீ ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். முதலாண்டிலேயே புகழ் உச்சிக்கு ஏறியது. 1983 ஜனவரி முதலாம் நாள் நடந்த ‘பியெஸ்ற்றா போல்’ ஆட்டத்தில், பதினேழு முறை மட்டுமே பந்தைப் பெற்று 239 கெஜம் ஓடினார். ஆனால் அவரது அணி தோற்றது. பயிற்சியாளர் பரி சுவிற்சர், அவர் நல்ல உடற்கட்டோடு இருந்திருந்தால் இன்னும் ஓடியிருப்பார் என்று வெளிப்படையாகக் குறைகூறினார். அதே ஆண்டு ஒக்டோபரிலே, பருவத்தின் இடைநடுவில், பத்தொன்பது வயது இளைஞர் பல்கலைக்கழகத்தைவிட்டே வெளியேறினார். பின்பு தொழில்முறை அணியொன்றிற் சேர்ந்து ஆடுகையில், 1985இல் முழங்காலில் பெருங்காயமுற்றார். 1990இல் மீண்டும் களம் புகுந்தாராயினும், முன்னைய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ‘இருந்திருக்கக்கூடிய ஒப்பற்ற வீரர்’ என்று சொல்லி இன்றும் பலர் அவருக்காகப் பெருமூச்சு விடுகின்றனர்.

அந்தப் பெருமூச்சிலும் ஒரு பிழை உண்டு. தாங்கள் பார்க்க விரும்பிய ஆட்டம் கிடைக்கவில்லையே என்பதே அதன் பொருள். ஒரு தாயின் மகன் பத்தொன்பது வயதிலே தனியனாக எதனைத் தாங்கினான் என்று கேட்டவர் சிலரே. வரவேற்ற கூட்டம் பெரியது. அவர் விழுந்தபோது தாங்கிய கைகள் மிகச் சில. ஆதரவாளர் அளிக்கும் வரவேற்பு, கொடை போலத் தோன்றினாலும், பல வேளைகளில் அது கடனே. வெற்றி என்னும் வட்டியோடு அதனைத் திருப்பித் தருமாறு அவர்கள் பின்னர் கேட்பார்கள்.

நம் நாட்டிலும் அண்மையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடர் முதன்முறை நடந்தபோது, யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஆடினார். சுழற்பந்து வீச்சாளரான அவருக்கு அப்போது பத்தொன்பது வயது நிறையும் தறுவாய். அவர் முதலில் வீழ்த்திய விக்கெட்டு இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் உடையது. உலகெங்கும் தமிழர் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அந்த ஒரு விக்கெட்டைக் கொண்டு ஓர் இனத்தின் முப்பது ஆண்டு ஏக்கத்தையும் அவர் தோளில் ஏற்றியவர் எத்தனை பேர்! அவரோ பொறுமையாகப் பயின்றார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே மாதத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கின் ஐதராபாத் அணியிலும் இடம்பெற்றார். இடையிற் கழிந்த அந்த மூன்றரை ஆண்டுகளே அவரை ஆக்கியவை. அக்காலத்துக்குக் கைதட்டல் குறைவு.

மட்டக்களப்புக்கும் இந்த ஏக்கம் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. 2009 மே மாதம் வரை போர் நீடித்தது. இழந்தது மிகுதி. இழந்தவர்களுக்கு ஒரு வீரன் வேண்டும். தம் ஊரின் பெயரை உலகம் உச்சரிக்க வேண்டும். இந்த ஆசையைக் குற்றம் என்று சொல்ல முடியாது. எனினும் ஓர் ஊரின் துயரத்தைப் பதினேழு வயதுப் பிள்ளை தீர்த்துவைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது தகாது.

அப்படியானால் ஆதரவாளர் என்ன செய்யவேண்டும்? வாய்மூடி இருக்கவேண்டுவதில்லை. ஆரவாரம் இல்லாத ஆட்டம் உப்பில்லாத சோறு. ஆனால் புதிதாக வந்தவனை ஒரு பருவம் முழுவதும் ஆடவிட்டுப் பிறகு மதிப்பிடலாம். அவன் வரவால் பின்வரிசைக்குப் போன பையனின் பெயரையும் ஒருமுறை கூவி அழைக்கலாம். அவனும் அதே கல்லூரியின் பிள்ளை. ஆட்டத்தைக் குறைகூறும் வாய், பிள்ளையின் சாதியையும் குடும்பத்தையும் குறைகூறாது காத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்காக ஒரு பிள்ளையைத் தூர ஊர்க் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், அங்கே பந்து பயிற்றுபவர் யார் என்பதோடு, பாடம் கற்பிப்பவர் யார், காயம்பட்டால் கவனிப்பவர் யார் என்றும் கேட்கவேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் பாதணியும் பந்தும் வாங்கித் தருவது நல்லதே. ஆடமுடியாது போன மாணவனின் படிப்புச் செலவை ஏற்பது அதனினும் நல்லது.

கொம்புமுறியை ஆடிய நம் முன்னோர் கட்சி கட்டினார்கள், பாடினார்கள், வசைபொழிந்தார்கள். ஆயினும் முறிந்தது மரக்கொம்பே. அடுத்த முறைக்கு வேறொரு கொம்பைக் காட்டிலே தேடி வெட்டிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் மனம் முறிந்தால் அதற்கு மாற்றுத் தேடி எந்தக் காட்டுக்கும் போக முடியாது. புதிய வீரனை மாலையிட்டு வரவேற்கும் ஊர் இதனை நெஞ்சில் இருத்துவதாக. அவன் வென்றுவரும் நாளில் வீதிக்கு வருவோர் பலர். தோற்று வரும் நாளிலும் அவன் வீட்டு வாயிலுக்குச் சென்று, “சாப்பிட்டாயா, தம்பி?” என்று கேட்பவரே அவனுடைய உண்மையான ஆதரவாளர்.