நினைவாற்றலும் நெல்லிக்கனியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொழுது புலருமுன் போடியில் ஜீப்பேறி, போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் நம் தாய்மார்கள். அவர்தம் பிள்ளைகளை நோக்கி, "உங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று நெடுங்காலம் சொல்லி வந்தது சாதிச் சமூகம். நினைவாற்றல் பிறப்பால் வருவது என்னும் அப்பொய்யை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே செலவிடுகிறது. அவ்வாறு செலவாகும்போது தோன்றும் சில மூலக்கூறுகள் உயிரணுக்களைத் தாக்குகின்றன. அவற்றை அடக்குபவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். நெல்லிக்கனியின் வைட்டமின் சி, மஞ்சளின் குர்குமின், கீரை, தேயிலை ஆகியவற்றின் பாலிபீனால்கள் அவ்வகையின.

இவை நினைவை வளர்க்குமா? அமெரிக்காவில் 3,562 முதியோரிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் தரப்பட்டது. நல்லுணவு உண்டு வந்தோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. உணவுத் தரம் குறைந்திருந்தோருக்கே நினைவாற்றல் மேம்பட்டது. முதியோரிடம் கண்டதைச் சிறாருக்கு அப்படியே பொருத்தலாகாது. எனினும், குறை தட்டில் இருக்கும்போது பழியைப் பிறப்பின்மீது போடுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இது உணர்த்துகிறது.

சிறாரின் கற்றலைக் கெடுப்பதில் முன்னிற்பது இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. அது கவனத்தைச் சிதைக்கும், சோர்வைத் தரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. உயிரணுவைக் காக்கும் தேயிலையின் பாலிபீனால்களே உணவிலுள்ள இரும்பு உடலில் சேராமல் தடுக்கின்றன. ஆதலால் உணவோடு தேநீர் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவோம். நெல்லிக்கனியோ அவ்விரும்பு உடலில் சேர உதவுகிறது. கேழ்வரகுக் களியும் கீரையும் உண்ணும் வேளையில் ஒரு நெல்லிக்காயையும் சேர்த்துக்கொள்வோம்.

"ஞாபகசக்தி மாத்திரை" என்று விற்போரை நம்பிக் கூலிப்பணத்தை இழக்க வேண்டா. வல்லாரையிலும் ஏலத்திலும் நற்பொருள்கள் உண்டு. அவற்றால் தேர்வு மதிப்பெண் உயருமென மெய்ப்பிக்கப்படவில்லை. மிகுதியும் தீங்காகலாம். ஃபின்லாந்தில் புகைபிடிப்போருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என 1994இல் அறிவிக்கப்பட்டது. உணவு வேறு, மாத்திரை வேறு.

இளைஞர்களே! வீட்டுக்கொரு முருங்கை நடுவோம். பிள்ளைகளை நேரத்தில் உறங்கச் செய்வோம். படித்தது மனத்தில் பதிய உறக்கம் உதவுகிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நமக்கு இடப்பட்ட பிச்சையல்ல; நம் பிள்ளைகளின் உரிமை. அது ஒழுங்காக வருகிறதா, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்களா என்று பள்ளிதோறும் சென்று பார்ப்போம். பிரித்து அமர்த்தும் இழிவு எங்கு நேரினும் எழுந்து கேட்போம்.

அறிவுக்குச் சாதியில்லை, பசிக்கும் மூளைக்கு உணவு வேண்டும். அதை உறுதி செய்வதே இவ்வெள்ளி விழா நமக்கு இடும் கடமை.