மணியில் தைத்த மரபு

அயலாரிடம் வாங்கிய துணியும் மணியும் கொண்டு ஆக்கிய ஆடையை ஓர் இனத்தார் தம் மரபுடை என்று உரிமை பாராட்டலாமா? வட அமெரிக்காவின் ஹோடெனோஷோனி மக்களுடைய ஆடைகளைக் காணும்போது நம் உள்ளத்தில் இவ்வினா எழுகின்றது.

பிறர் இவர்களை இராக்குவாய் என்பர். ஹோடெனோஷோனி என்பதற்கு நீண்ட மனையின் மக்கள் என்று பொருள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனத்தாரின் கூட்டமைப்பு அது. நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் இன்றும் வாழ்ந்து வருகின்றனர்.

ஐரோப்பியர் வருமுன் இவர்கள் மான்தோலை உடுத்தினர். சாயமேற்றிய முள்ளம்பன்றி முள், மூஸ் என்னும் பெருமானின் உரோமம், கிளிஞ்சல் மணி ஆகியவற்றால் அதனை அழகுசெய்தனர். பின்னர் வணிகத்தின் வாயிலாகக் கம்பளித் துணியும், எஃகு ஊசியும், வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணிகளும் வந்தன. பொருள் மாறிற்று, கோலம் மாறவில்லை. கருநீலத் துணியின் ஓரத்தில் வெண்மணிகளால் அரைவட்டங்களை வரிசையாகத் தைத்தனர். அரைவட்டம் வான்வளைவு, அதன்மேல் இருபுறமும் சுருண்டெழும் கொடி வானுலக மரம். அம்மரத்தருகிலிருந்து வீழ்ந்த வானமங்கைக்காக ஆமையின் முதுகில் நிலம் தோன்றிற்று என்பது இவர்தம் படைப்புக் கதை. ஆகவே பாவாடையின் விளிம்பே ஒரு புராண ஏடாகும்.

இவர்களுடைய கைத்திறனில் புடைப்புத் தையல் என்பது தனிச் சிறப்புடையது. தையலிடும் இடைவெளிக்கு வேண்டியதைக் காட்டிலும் மிகுதியான மணிகளை நூலில் கோத்து இறுக்கினால், அவை படிந்து கிடவாமல் வில்போல் வளைந்தெழும். இவ்வாறு எழுந்த இலைகளும் மலர்களும் கொண்ட பைகளையும் ஊசிமெத்தைகளையும் 19-ஆம் நூற்றாண்டில் டஸ்கரோராப் பெண்டிர் நயாகரா அருவியருகே விற்றுக் குடும்பத்தைக் காத்தனர்.

அக்காலத்தே கரோலின் பார்க்கர் என்னும் செனிகா நங்கை மணித்தையலில் பெரும்புகழ் பெற்றிருந்தார். மார்கன் என்னும் அறிஞர் 1849, 1850 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் அரசுக்காக இம்மக்களின் கைவினைப் பொருள்களைத் திரட்டினார். 1851-ல் வெளியான அவருடைய நூலில் மரபுடை தரித்த கரோலினின் உருவம் இடம்பெற்றது. ஆனால் 1911-ல் ஆல்பனி நகரத்து அரசு மாளிகையில் மூண்ட தீ அத்தொகுப்பின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று.

அத்துடன் கலையும் அழிந்ததா? இல்லை. ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த ஆர்தர் பார்க்கர், கரோலினின் உடன்பிறந்தாருடைய பேரர் ஆவார். 1935 முதல் 1941 வரை அவர் செனிகாக் கலைஞர்களுக்கு ஊதியமளித்து, பழைய முறைகளில் புதிதாகப் படைக்கச் செய்தார். ஏட்டுப்படமும் மூத்தோர் நினைவும் துணைநின்றன. இன்றும் ஹோடெனோஷோனி மக்கள் சடங்குகளுக்கும் விழாக்களுக்கும் மணித்தையல் ஆடை புனைந்து வருகின்றனர்.

மணி வெனிஸ் நகரத்தது. துணி வணிகன் தந்தது. அவற்றில் எழுந்த வானமோ அவர்களுடையது. தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இதுவே விடை. வேற்று மாநிலங்களில் வாழும் நாமும் அவ்வவ்விடத்துத் துணியையே வாங்கி உடுத்துகின்றோம். அதன் கரையில் எதனைத் தைப்பது என்பது நம் கையில் இருக்கின்றது.