அரங்கில் விளக்கெரிந்த பின்



2012ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் அறிவியலார் பலர் கூடி ஓர் எச்சரிக்கை வெளியிட்டனர். மண்ணுலகின் உயிர்ச்சூழல் மீளவியலாத மாற்றம் ஒன்றை நெருங்கக்கூடும் என்பதே அதன் சாரம். அதைப் படித்துக் கலங்கியோருள் பிரெஞ்சு எழுத்தாளர் சிரில் தியோனும் ஒருவர். அழிவை மட்டுமே கேட்கும் மக்கள் அஞ்சுவர். அஞ்சியபின் முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஆதலால் விடை கண்டோரைக் காட்டுவதே தக்கது என அவர் துணிந்தார். நடிகை மெலனி லோரானுடன் இணைந்து அவர் இயக்கிய ‘நாளை’ என்னும் ஆவணப்படம், 2015 டிசம்பரில், பாரிசில் தட்பவெப்ப மாநாடு நடந்த நாள்களிலேயே வெளிவந்தது. படச்செலவின் ஒரு பகுதியைப் பொதுமக்களே சிறுசிறு தொகையாக அளித்தனர். பிரான்சில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர்.

உழவு, ஆற்றல், பொருளியல், மக்களாட்சி, கல்வி என ஐந்து பகுதிகள் அப்படத்தில் உண்டு. இங்கிலாந்தின் டாட்மார்டன் என்னும் சிற்றூரில் 2008 முதல் தொடர்வண்டி நிலையத்திலும் காவல் நிலையத்தின் முன்பும் காய்கறிகள் விளைகின்றன, எவரும் பறித்துக்கொள்ளலாம். விளைச்சல் ஊரின் பசியைத் தீர்த்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் பேசாதிருந்த அண்டை வீட்டார் பாத்தியருகே நின்று பேசத் தொடங்கினர். அஃது எளிய பயனன்று.

மக்களாட்சிப் பகுதியில் தமிழ்நாடு வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரானவர் ரங்கசாமி இளங்கோ. வேதிப் பொறியியல் கற்ற அவர், பணியைத் துறந்து பிறந்த ஊருக்குத் திரும்பியவர். கிராம சபையைக் கூட்டி, ஊரார் வாயிலாகவே ஊரின் தேவைகளைச் சொல்ல வைத்தார். சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் எழுந்தன. உலகத் தீர்வுகளைத் தேடிப் பிரான்சிலிருந்து வந்தோர் கண்ட ஊர் அது. சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரை இங்குள்ளோருள் எத்தனை பேர் அறிவர்?

இத்தகைய படங்களை ஊர் மண்டபத்தில் திரையிட விழைவோர் முதலில் உரிமையைக் கருத வேண்டும். வீட்டில் காண வாங்கிய குறுவட்டோ இணையச் சந்தாவோ பொதுத் திரையிடலுக்கு இசைவாகாது. உரிமையாளரிடம் எழுத்து வழி ஒப்புதல் பெறுவதே நேர்மை. அடுத்தது மொழி. திரையடியில் விரையும் எழுத்துகளை முதியோரும் சிறுவரும் படிக்கமாட்டார். ஊமைப்படக் காலத்தில் திரையருகே நின்று கதை விளக்குவோர் இருந்தனர். அந்த வழக்கத்தை மீட்டெடுத்தால் குறையொன்றுமில்லை; ஊரில் நாவன்மை உடையவர் ஒருவராவது இருப்பார்.

இரண்டு மணி நேரப் படத்தை ஓரிரவில் முழுதும் காட்டுதல் வேண்டா. ஒரு பகுதி, அதன்பின் முக்கால் மணி நேர உரையாடல் என ஐந்து வாரம் நடத்தலாம். கதிரவன் மறையுமுன் உணவை முடிப்போர்க்கு இரவு 7 மணி ஏற்ற வேளை. விளக்கெரிந்ததும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்ப வேண்டும். வரிசையில் அமர்ந்தவர் பார்வையாளராகவே எழுந்து போய்விடுவார். சிறப்பு விருந்தினர் வெளியூரிலிருந்து வர வேண்டுவதில்லை. ஏரிக்கரையைக் காத்தவர், மரபு விதைகளைப் பேணுபவர் எனத் தெருவிலேயே இருப்பவரைப் பேச அழைக்கலாம். அவர் சொல்லும் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, இன்னார் இன்னது செய்வார் எனப் பெயருடன் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கைத்தட்டலுடன் கலையும் கூட்டம் வெறும் பொழுதுபோக்கே.

படம் தூண்டிய முயற்சிகளை மீண்டும் காண, தியோன் 2018இல் ‘நாளை மறுநாள்’ என்னும் தொடர்ச்சியை எடுத்தார். சிறு முயற்சிகளால் உலக வெப்பத்தைத் தடுக்க இயலுமா என உண்மையிலேயே ஐயுற்ற பத்திரிகையாளர் லோர் நுவாலாவை உடன் அழைத்தே சென்றார். ஐயுறுவோரை வட்டத்துக்கு வெளியே நிறுத்தாமையே அதன் சிறப்பு. உள்ளூர்த் திரையிடலிலும் அத்தகையோர்க்கு ஓர் இருக்கை வேண்டும். மூன்று திங்கள் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து, எது நடந்தது, எது நின்றது எனக் கேட்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். அந்த இரண்டாம் கூட்டத்தின் நாளை முதல் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுவது நலம்.