துக்கத்தை வேலையாக்கியவர்கள்



இந்த மேடையில் நான்கு படங்கள் இருக்கின்றன. மூன்று படங்களை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா. நம் கோவில்பட்டியில் பிறந்த நடிகர் விவேக். பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணன். நாலாவது படத்தில் பாம்படம் கழற்றிய நீண்ட காதோடு இருப்பவள் என் ஆச்சி, என் அம்மாவைப் பெற்றவள். பேச வருகிறவர்கள் தங்கள் வீட்டில் மறைந்த ஒரு பெரியவரின் படத்தையும் கொண்டுவர வேண்டும், அதையும் இதே மேசையில் இதே உயரத்தில் வைப்போம் என்று இந்தக் கூட்டத்தை நடத்துகிற வாசகர் வட்டத்தார் இந்த முறை முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்காக அவர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். அந்தப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஆச்சியை வைத்துப் பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

நான்கு பேரும் 2021-ஆம் ஆண்டில் போனவர்கள். ஜனவரி 19-இல் டாக்டர் சாந்தா. ஏப்ரல் 17-இல் விவேக். மே 17-இல் கி.ரா. ஜூன் மாதத்தில் ஆச்சி. அது என்ன காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கி.ரா.வைப் புதுச்சேரியிலிருந்து இடைசெவலுக்குக் கொண்டு வந்தார்கள். அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். தமிழில் எழுதிய ஒருவருக்கு அது கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கொரோனா ஊரடங்கு. அவரைப் படித்து வளர்ந்த எத்தனையோ பேர் வந்து ஒரு மாலை போட முடியவில்லை. ஆச்சிக்கும் அப்படித்தான். கேதம் கேட்க ஊர் திரண்டு வந்திருக்க வேண்டிய வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு நின்றோம். வாய்விட்டு அழக்கூட ஆள் சேரவில்லை. அன்று அழாத அழுகை நம்மில் பலருக்கு இன்னும் பாக்கியிருக்கிறது. இந்தக் கூட்டம் அதற்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, இந்தப் பேச்சுக்காக இவர்கள் வாழ்க்கையைத் திரும்பப் படித்தபோது ஒன்று என் மனதில் தைத்தது. இன்று நாம் நினைத்து நிற்கிற இந்த நால்வரும், தங்களுக்கு முன்னால் போன வேறு யாரையோ நினைத்து வேலை செய்தவர்கள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அடையாறு மருத்துவமனையின் கதை ஒரு தங்கையின் சாவிலிருந்து தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். கண் முன்னால், ஒரு டாக்டராக இருந்தும், ஒன்றும் செய்ய முடியாமல். அது 1920-களில். நமக்கென்று ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருக்குள் விழுந்தது. அதற்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952-இல். நோயாளிகள் உள்ளே போனது 1954-இல். இடையில் முப்பது ஆண்டுகள். இந்த நோய் வந்தவர் எப்படியும் சாகப்போகிறவர், அவருக்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த அம்மையார் கதவு கதவாகத் தட்டினார். முப்பது ஆண்டுகள் ஒரு துக்கத்தை ஆறவிடாமல் வைத்திருக்க என்ன மனம் வேண்டும்!

தொடங்கியபோது 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு, 1955-இல், சாந்தா அங்கே போய்ச் சேர்ந்தார். அரசு வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தார். முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவருமாக அந்த இடத்தை வளர்த்தார்கள். சாந்தா மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். 2005-இல் மகசேசே விருது வந்தது, பின்னர் பத்ம விபூஷண் வந்தது. விருதுப் பணம் மருத்துவமனைக்குப் போனது. 93 வயதில் இறக்கும்வரை, அறுபத்தைந்து ஆண்டுகள், அதே இடம், அதே வேலை. தான் பார்த்தேயிராத ஒரு தங்கையின் சாவுக்கு ஒரு மனுஷி தன் ஆயுளையே பதிலாகக் கொடுத்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அந்தப் பதில் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. ஆச்சிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். தீட்டு நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. வெளியே சொல்லவில்லை. துணியைத் தனியாக அலசி, தனியாகக் காயப்போட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்க்கொண்டிருந்தாள். அம்மாதான் கண்டுபிடித்தாள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். ஆச்சி அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை.

அங்கே கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊரில் அதுதானே பெயர். பக்கத்துப் படுக்கையில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மா. ஆச்சிக்குத் தெலுங்கு அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் இரண்டு பேரும் பேசாத பேச்சில்லையாம். டாக்டர் சாந்தாவை ஒரே ஒரு தடவை வராந்தாவில் நடந்து போகும்போது பார்த்திருக்கிறாள். "அந்த டாக்டரம்மா என் வயசுக்கு மூத்தவ. என்னா நடை நடக்கா!" என்று கடைசி வரை வியந்து சொல்வாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் டாக்டர் சாந்தா இறந்த செய்தி டி.வி.யில் வந்த அன்று ஆச்சி சாப்பிடவில்லை. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள்.

விவேக் நம்மைச் சிரிக்க வைத்ததைப் பற்றி இங்கே மற்றவர்கள் பேசுவார்கள். எனக்கு அவருடைய மரங்கள்தான் முக்கியம். அப்துல் கலாம் அவரிடம் மரம் நடச் சொன்னார், ஒரு கோடி என்று இலக்கும் வைத்தார். 2015 ஜூலை 27-இல் கலாம் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். யாரும் சொல்லாமலே நாம் கடைகளை அடைத்தோம், தெருவுக்குத் தெரு படம் வைத்தோம். அதெல்லாம் ஒரு வாரம். விவேக் அதன் பிறகும் நட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நட்டார். 33 லட்சத்தைத் தாண்டிவிட்டார் என்று அவர் இறந்தபோது எழுதினார்கள். சொன்னவர் போய்விட்டார், கணக்குக் கேட்க ஆளில்லை. அப்போதும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றாரே, அந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

அவர் இறந்த அன்று தமிழ்நாடு முழுக்க இளைஞர்கள் கன்று நட்டார்கள். நம் ஊரிலும் நட்டீர்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது கரிசல். மழையில் சேறாகி ஒட்டும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கிற மண் இளம் வேரையும் சேர்த்து அறுக்கும். ஏப்ரலில் நட்ட கன்றுக்கு மே மாதம் தண்ணீர் ஊற்றுகிறவனே அஞ்சலி செலுத்துகிறவன். எங்கள் தெருவில் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் ஊரடங்கில் வீடு வீடாகக் கழுவுகிற தண்ணீரைக் குடத்தில் வாங்கி ஊற்றினார்கள். புங்கையும் வேம்பும் இன்று மாடி உயரம். அந்தப் பையன்களில் இரண்டு பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள், தம்பி. ஒரு கைதட்டல் கொடுங்கள் இவர்களுக்கு.

கி.ரா.வைப் பற்றி நம் ஊரில் பேசுவது கஷ்டம். ஆளுக்கொரு கி.ரா. வைத்திருக்கிறோம். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு சம்சாரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்ததும், 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்ததும் நமக்குத் தெரிந்த கதைகள். அவருடைய ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். இடைசெவலில் அவரோடு ஒன்றாய் வளர்ந்தவர் கு. அழகிரிசாமி. ஒரே ஊர், ஒரே தெருப் புழுதி, ஒரே சங்கீதப் பைத்தியம். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போனார், போன இடத்திலிருந்தெல்லாம் நண்பனுக்குக் கடிதம் எழுதினார். 1970-இல் ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் இறந்துபோனார். சாகித்திய அகாதெமி அவரை நினைத்ததும் அதற்குப் பிறகுதான். கி.ரா. அந்தக் கடிதங்களை ஒன்றுகூடத் தொலைந்துவிடக் கூடாது என்று பாதுகாத்தார், பிறகு புத்தகமாக்கித் தமிழுக்குக் கொடுத்தார். கரையானும் எலியும் காகிதத்தை விட்டு வைக்காத ஒரு கிராமத்து வீட்டில் பழைய கடிதத்தைக் காப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கேட்டு வாங்க எந்த நூலகமும் வரவில்லை, எந்த அரசும் பணம் தரவில்லை. செத்துப்போன சிநேகிதனின் கையெழுத்து, அவ்வளவுதான் காரணம்.

அதே கைதான் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் கொண்டு வந்தது. அந்தச் சொற்களை அவருக்குக் கொடுத்தவர்கள் யார்? களை எடுக்கிற கிழவி, ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தாத்தா, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழமை பேசுகிற மருத்துவச்சி. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆச்சியின் படத்தைக் கி.ரா.வின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தது பொருத்தமில்லை என்று யாராவது நினைத்தால், அந்த அகராதியைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். அதன் பக்கம் பக்கமாக ஆச்சிகள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ஆச்சி.

ஆச்சிக்கு ஒரு அக்கா இருந்தாள். நான் பார்த்ததில்லை, படம்கூடக் கிடையாது. அந்த அக்காவுக்கும் இதே போல ரத்தம் பட்டிருக்கிறது. வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்து, வாடை வந்த பிறகு தனி அறையில் படுக்க வைத்து, கோடாங்கியிடம் கேட்டு, ஒரு வைகாசியில் செத்துப்போயிருக்கிறாள். ஆச்சி இதை எங்களிடம் சொன்னதே அடையாறிலிருந்து பிழைத்து வந்த பிறகுதான். பிழைத்து வந்தவள் சும்மா இருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பெண்களிடம், குழாயடியில், கோயில் கொடையில், கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற இடத்தில், எங்கே நாலு பெண்கள் சேர்ந்தாலும் அந்தப் பேச்சை எடுத்துவிடுவாள். "ஏட்டி, இதுல என்ன வெட்கம்? எங்க அக்கா வெட்கப்பட்டே செத்தா. வெள்ளனப் போய்க் காட்டுங்கட்டி, நான் கூட வாரேன்." சொன்னபடி கூடவும் போவாள். பஸ் காசு இல்லாதவளுக்குச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். என் மாமாவுக்கு அது பிடிக்காது. பொம்பளை விஷயத்தைத் தெருவில் பேசுகிறாளே என்று கோபப்படுவார். ஆச்சி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மறுநாள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள்.

முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை ஆச்சி கேட்டதேயில்லை. ஒருவர் டாக்டர், சட்டமன்றத்தில் பேசியவர். மற்றவள் கைநாட்டு. இரண்டு பேரும் உடன்பிறந்தாளை இழந்தவர்கள். இரண்டு பேரும் அதற்குப் பிறகு செய்தது ஒரே வேலை.

தாய்மார்களே, உங்களோடு கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன். ஆச்சிக்கு வந்த இந்தக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வைரஸால் வருவது. உள்ளே புகுந்த கிருமியால் புற்று உண்டாகப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுக்கும். அத்தனை ஆண்டுகள் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் பார்த்துவிட்டால் சிறிய சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை இலவசம். சில நிமிஷ வேலை, கத்தி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. பரிசோதிக்கிறவரும் பெரும்பாலும் ஒரு நர்சம்மாதான். வயதுக்கு வரும் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமியைத் தடுக்கிற ஊசியும் இருக்கிறது. புருஷன்மார்களே, அண்ணன் தம்பிகளே, இது பொம்பளை விஷயம் என்று ஒதுங்காதீர்கள். வண்டியில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள், வெளியே காத்திருங்கள்.

ஆச்சி போன பிறகு நானும் எங்கள் தெருவில் இரண்டு அக்காமாரும் அவளுடைய வேலையைக் கையில் எடுத்தோம். முதலில் கூட வந்தவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான். இப்போது தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்தும் பெண்கள் தாங்களாகவே கேட்கிறார்கள். அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலக வாசலிலிருந்து பரிசோதனைக்கு ஒரு வேன் கிளம்புகிறது. வாசகர் வட்டத்தார் இந்த ஆண்டு பிளக்ஸ் வைக்காமல் அந்தப் பணத்தை வேன் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் மஞ்சள் சேலை கட்டிய அக்கா ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் கொடுத்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார். வேனில் பதினான்கு பேர் போகலாம். அதற்கு மேல் பெயர் சேர்ந்தால் இன்னொரு வேன் பேசிவிடலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அடுத்து, கி.ரா.வோடு பழகிய பெரியவர் பேசக் காத்திருக்கிறார். நானும் அவர் பேச்சைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஐயா, வாருங்கள்.