இரண்டாம் இடத்துக்கு யார்?

அமெரிக்க நாட்டுத் தேர்தற் செய்திகளைத் தமிழாக்கும்போது நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களைத் தயங்க வைக்கும் சொல் ஒன்று உண்டு. 'ரன்னிங் மேட்' என்பது அது. குதிரைப் பந்தயத்திலிருந்து அரசியலுக்கு வந்த சொல். ஒரு குதிரை வெல்வதற்காக, அதன் வேகத்தைத் தூண்டும் பொருட்டு, அதே லாயத்துக் குதிரை மற்றொன்றையும் உடன் ஓடவிடுவார்கள். அந்த உடன் ஓடும் குதிரையின் பெயரே பின்னர் துணைத் தலைவர் பதவிக்கு நிற்பவருக்கும் வந்து சேர்ந்தது. 'இணை வேட்பாளர்' என்று நாம் எழுதுகிறோம். மாப்பிள்ளைத் தோழன் என்று சொல்லலாம் போலத் தோன்றும், ஆனால் பொருந்தாது. தோழன் மணமேடை வரையில்தான் உடன் செல்கிறான். மணமகனின் இடத்தில் அவனை யாரும் அமர்த்துவதில்லை. இணை வேட்பாளரோ ஒரே இரவில் தலைவராகிவிடக் கூடும். இந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவில் தொடக்கத்தில் இம்முறை இருக்கவில்லை. மிகுதியான வாக்குப் பெற்றவர் தலைவர். அடுத்து வந்தவர் துணைத் தலைவர். அதனால் 1796-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தலைவராக, அவரை எதிர்த்து நின்ற ஜெபர்சன் துணைத் தலைவராக நேர்ந்தது. 1800-இல் ஜெபர்சனும், அவர் கட்சியினரேயான பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெபர்சன் தலைவரானார். இக்குழப்பத்தைத் தீர்க்க 1804-இல் வந்த பன்னிரண்டாம் திருத்தம், இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று வகுத்தது. இருவரை ஒரு சோடியாக நிறுத்தும் வழக்கம் அதன் மீது வேரூன்றியது.

சோடி சேர்ப்பதில் பெரும்பாலும் பார்க்கப்படுவது வாக்குக் கணக்கே. வடக்கைச் சேர்ந்தவருக்குத் தெற்கிலிருந்து ஒருவர். இளையவருக்கு அனுபவசாலி ஒருவர். 1960-இல் மாசசூசெட்சைச் சேர்ந்த கென்னடி, டெக்சாசின் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டது இவ்வகையில்தான். ஜான்சன் இல்லாவிடில் கென்னடி தோற்றிருப்பார் என்று கூறுவோர் பலர். எனினும் எண்களை எடுத்துப் பார்த்தால், கென்னடி பெற்ற தேர்வாளர் வாக்குகள் 303. டெக்சாசின் பங்கு 24. அதைக் கழித்தாலும் 279 எஞ்சும். வெற்றிக்கு வேண்டியது 269. டெக்சாஸ் ஒன்று மட்டும் அவரைத் தோற்கடித்திராது. தெற்கின் வேறு மாநிலங்களும் கைவிட்டுப் போயிருந்தால்தான் கதை மாறியிருக்கும். ஆனால் 1963 நவம்பர் 22-இல் கென்னடி கொலையுண்டபின் நடந்தவை கணக்குக்கு அப்பாற்பட்டவை. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் ஜான்சன். வியட்நாமில் போரைப் பெருக்கியவரும் அவரே. சில வாக்குகளுக்காகச் சேர்க்கப்பட்டவரின் கையில் பல நாடுகளின் விதி வந்து சேர்ந்தது.

1944-இல் சிக்காகோவில் நடந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. துணைத் தலைவராயிருந்த ஹென்றி வாலஸ், மாநாட்டின் முதல் வாக்கெடுப்பில் முன்னணியில் நின்றார். இரண்டாவதில் ஹாரி ட்ரூமன் வென்று ரூஸ்வெல்ட்டின் இணை வேட்பாளரானார். 1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் காலமானபோது, ட்ரூமன் துணைத் தலைவராகி மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. அணுகுண்டு முயற்சியின் முழு விவரமும் தலைவரான பின்னரே அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா எரிந்தது. அன்று வாலஸ் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை வரலாறு புனைவோர் இன்றும் உண்டு. அதற்கு விடை கூற யாராலும் இயலாது. ஆயினும் அக்கேள்வியை, நடந்து முடிந்தபின் கேட்பதைவிட, பெயரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கேட்டிருக்கலாம் அல்லவா?

இத்தகைய நிகழ்ச்சியைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நமது தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக் கூடிய தொலைவில் தலைமைச் செயலகம் இருக்கிறது. கேரளத்தின் சட்டப் பேரவை பல்லாண்டுக் காலம் கூடியதும் அவ்வளாகத்தில்தான். 1960 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 126 இடங்களில் காங்கிரஸ் 63 பெற்றது. பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி 20. முஸ்லிம் லீக் 11. மூன்றும் ஓரணியாக நின்றவை. பெரிய கட்சி தன் தலைவரை முதலமைச்சராக்கவில்லை. சிறிய கட்சியின் பட்டம் தாணு பிள்ளைக்கு முதலிடம் தந்து, காங்கிரசின் ஆர். சங்கரைத் துணை முதலமைச்சராக அமர்த்தியது. லீகுக்கு அமைச்சரவையில் இடமில்லை. பேரவைத் தலைவர் பதவியே கிடைத்தது. பட்டம், திருவிதாங்கூர் அரசியலில் மூத்தவர். சங்கர், ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தில் பணிபுரிந்து கல்லூரிகள் வளர்த்தவர். கட்சி, சமூகம், வயது எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துச் செய்த சோடி அது.

1962-இல் பட்டம், பஞ்சாப் ஆளுநராக நியமிக்கப்பட்டுச் சென்றார். சங்கர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் பிரஜா சோஷலிஸ்டுகள் அமைச்சரவையினின்று விலகினார்கள். கூட்டுக்காக வகுத்த இரண்டாம் இடத்தில் இருந்தவர், கூட்டு இல்லாமலே முதலிடத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 1964 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. சொந்தக் கட்சியிலேயே பிரிந்து நின்றவர்கள் அதற்குத் துணை போனார்கள். அப்பிளவிலிருந்தே கேரள காங்கிரஸ் பிறந்தது. சங்கரிடம் திறமை இல்லை என்று நாம் கூறவில்லை. 1960-இல் போட்ட கணக்கு, அன்றைய அமைச்சரவைக்குப் போட்ட கணக்கு. இரண்டாமவர் தனித்து நிற்க நேரும் நாளுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

நமது அரசியலமைப்பு இவ்விஷயத்தில் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டிருக்கிறது. துணை முதலமைச்சர் என்ற பதவியை அது எங்கும் குறிப்பிடவில்லை. சங்கர் முதல்வரானதும் வாரிசுரிமையால் அன்று. குடியரசுத் தலைவரையும் துணைத் தலைவரையும் சோடியாகத் தேர்ந்தெடுப்பதுமில்லை. முன்னவருக்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். பின்னவருக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. தலைவர் இறந்தால் துணைத் தலைவர் பொறுப்பை ஏற்பார். ஆனால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். சங்கர் முதல்வரானபோது இங்கே ஆளுநராயிருந்த வி. வி. கிரியே இதற்குச் சான்று. 1969 மே 3-இல் ஜாகிர் உசேன் மறைந்ததும், துணைத் தலைவராயிருந்த அவர் பொறுப்பேற்றார். எனினும் ஜூலையில் பதவி துறந்து, ஆகஸ்டில் தேர்தலில் நின்று வென்ற பிறகே அவர் முழு உரிமையுடைய தலைவரானார்.

முன்பு நாம் 'உப ஜனாதிபதி' என்று எழுதினோம். பின்னர் 'துணைக் குடியரசுத் தலைவர்' என்று எழுதத் தொடங்கினோம். 'உப' என்றால் கீழே இருப்பவர் என்ற எண்ணம் தோன்றும். 'துணை' என்பதோ இடர் வந்தபோது கைகொடுப்பவரைக் குறிக்கும் சொல். கட்சிகள் இரண்டாம் பெயரை அறிவிக்கும்போது, இவரால் எத்தனை வாக்கு வரும் என்று அவை கணக்கிடட்டும். அது அவர்கள் தொழில். முதலாமவர் இல்லாத நாளில் இவரிடம் நாட்டை ஒப்படைக்க நமக்கு மனம் வருமா என்று கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.